நூற்று இருபத்தேழாவது மரை

போன மாதம் ஈப்போவில், நான் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்த பட்டறைக்கு எதிரே உள்ள மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பட்டறைப் பையன்கள் நாலைந்து பேர் பக்கத்து மேசையில் இருந்தார்கள். அவர்களில் தினேஷ் என்பவன் கம்ப்யூட்டர் லேத், அதாவது கடைசல் இயந்திரம், ஓட்டுகிறவன், நல்ல கைகாரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கைப்பேசியில் எதையோ படித்துவிட்டுச் சிரித்தான்.

"இதப் பாருங்க அங்கிள். ஒலகத்துலயே பெரிய பகா எண்ணாம். நாலு கோடி இலக்கத்துக்கு மேல இருக்காம். கம்ப்யூட்டர வருசக்கணக்கா ஓட விட்டுத் தேடியிருக்கானுங்க. வேலை இல்லாதவனுங்க லா. இத வச்சு ஒரு ரொட்டி சானாய் போட முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அதை வைத்து யாராவது பிழைத்ததுண்டா என்று தினேஷ் என்னிடமே கேட்டான்.

"நான் பொழைச்சேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கெடைச்சிருக்கு" என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் காலம் போல வருமா என்று அழுகிற ஆள் நான் இல்லை. கம்ப்யூட்டர் லேத் வந்தது நல்லதுதான். அங்குலத்தைத் தட்டினால் அங்குலம், மில்லிமீட்டரைத் தட்டினால் மில்லிமீட்டர். என் முதுகுக்கு அது முப்பது வருடம் முன்னாடியே வந்திருக்க வேண்டும்.

நான் பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கி வேலை பழகினேன். முதல் வருடம் கூட்டினேன், இரண்டாம் வருடம் எண்ணெய் போட்டேன், மூன்றாம் வருடம் யாரோ விடுப்பில் போனதால் லேத்தில் நின்றேன். பழகிய கதை அவ்வளவுதான்.

லேத்தில் மரை, அதாவது திருகின் சுற்றுவரி, வெட்டுவது இப்படி. இரும்புத் தண்டு சுழலும், வெட்டும் உளி பக்கவாட்டில் நகரும். தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உளி எவ்வளவு நகர்கிறதோ, அதுதான் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. அந்த நகர்வைத் தீர்மானிப்பவை லேத்தின் பக்கவாட்டில் கோத்திருக்கும் கியர்கள். எங்கள் லேத் வெள்ளைக்காரன் விட்டுப்போனது, அதற்கு அங்குலம்தான் தெரியும். வருகிற வேலையெல்லாம் மில்லிமீட்டர். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். அப்படியானால் ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர். ஆகவே அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டுமென்றால், கியர் வரிசையில் எங்காவது 127 வந்தாக வேண்டும்.

இங்கேதான் பகா எண்ணின் குணம் தெரியும். 120 தேவை என்றால் பிரச்சினையே இல்லை. நாற்பதையும் மூன்றையும் பெருக்கலாம், அறுபதையும் இரண்டையும் பெருக்கலாம், சின்னச் சின்ன கியர்களை மாற்றி மாற்றிக் கோத்து வரவழைத்துவிடலாம். 127 அப்படி உடையாது. உலகத்திலுள்ள சின்ன கியர்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாலும் அவற்றின் கூட்டணியில் 127 பிறக்காது. 127 வேண்டுமென்றால் 127 பல்லுள்ள கியரே வேண்டும். எங்கள் லேத்தோடு வந்த அந்தக் கியர், நான் சேர்வதற்கு முன்பே பல் உடைந்து பழைய இரும்புக்குப் போய்விட்டது.

அதற்குப் பதிலாகப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. 63 பல் கியரைப் போடுவோம். அறுபத்து மூன்றின் இரு மடங்கு 126. ஒன்றுதானே குறைவு. இரண்டு அங்குல போல்ட்டில் அது யாருக்கும் தெரியாது, நட்டு வழுவழுவென்று ஏறும். பதினொரு வருடம் நானே அப்படி வெட்டியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் நான் யோக்கியன் இல்லை.

பட்டறை மேலாளர் மிஸ்டர் சிவபாதம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா காலத்திலேயே ரயில்வே உத்தியோகம். வெள்ளைச் சட்டை, பையில் ஆறு அங்குல எஃகு அளவுகோல், காதுக்குப் பின்னால் சிவப்புப் பென்சில். எத்தனை வருடம் பட்டறையில் நடந்தாலும் அந்தச் சட்டையில் எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வரைபடம் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். தப்பு செய்தால் கத்த மாட்டார், "என்ன, நித்திரையோ?" என்று மட்டும் கேட்பார். ஆனால் அவர் சரி என்று முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. "காணும்" என்பார். எங்கள் பேச்சில் போதும் என்று சொல்வதற்கு அவர் பேச்சில் காணும்.

அவர் மரையைச் சோதிக்கும் முறை எப்போதும் ஒன்றே. முதலில் நட்டை இரண்டு விரலால் சுழற்றி ஏற்றுவார். பிறகு காலிப்பரால் தடிமன் பார்ப்பார். அப்புறம் பழைய மாதிரியின் பக்கத்தில் புதியதை வைத்து, இரண்டு முனைகளிலும் மரைகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார். மூன்றும் சரியென்றால் வேலை அட்டையில் சிவப்பு டிக், அவர் கையெழுத்து, அதற்குக் கீழே வெட்டியவன் கையெழுத்து.

ஒரு திங்கட்கிழமை எங்கள் தோட்டத்திலிருந்தே ஒரு வேலை வந்தது. கொண்டுவந்தவர் என் அக்கா புருஷன் மணியம் மச்சான். அதற்குள் ரப்பரை வெட்டிச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, போட்டுவிட்டார்கள், ஆனால் ஆலைக்காக வெட்டிய பழைய குளம் அப்படியே இருந்தது. குளத்துக்குக் கீழே லயம், நாற்பது வீடு. மழை கொட்டினால் குளத்து மதகைத் தூக்கித் தண்ணீரை ஆற்றுக்கு விட வேண்டும். விடாவிட்டால் கரை வழிந்து தண்ணீர் நேராக லயத்துக்குள் இறங்கும். பக்கச் சுவர்களில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் நிற்கும் மதகுப் பலகையை இரண்டு பக்கமும் இரண்டு திருகுத் தண்டுகள் தூக்கும். மேலே ஒரே கைப்பிடி. அதை ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு தண்டும் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும். இடப்பக்கத் தண்டின் தலை முறுகி உடைந்துவிட்டது. மரை மட்டும் முழுசாக இருந்தது. மச்சான்தான் அந்த மதகுக்குப் பொறுப்பு.

"மழைக்கு இன்னும் ஒரு மாசங்கூட இல்ல. அதுக்குள்ள செஞ்சு குடுத்துருடா" என்றார். அக்காவும் மூன்று பிள்ளைகளும் இருந்த வீடு மதகிலிருந்து நான்காவது வீடு.

மரை நீளம் முப்பது அங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். மரைக்கு மரை ஆறு மில்லிமீட்டர். 127 கியருக்கு ஆர்டர் கொடுத்தால் வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றார் மிஸ்டர் சிவபாதம். "அறுபத்து மூண்டைப் போட்டு வெட்டும். நட்டையும் அதே கியரிலேயே வெட்டும்" என்றார். வெட்டினேன். வெட்டியது என் கை.

புதன்கிழமை சோதனை. நட்டு ஏறியது. அதே கியரில் வெட்டிய நட்டு ஏன் ஏறாது? தடிமன் சரி. பழைய தண்டின் பக்கத்தில் புதியதை வைத்தார். இந்த முனையில் மேடும் மேடும் நேர், பள்ளமும் பள்ளமும் நேர். அந்த முனைக்கு நடந்துபோய்க் குனிந்தார். அங்கேயும் நேர். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

எனக்கு அது இடித்தது. அறுபத்து மூன்று போட்ட மரை இவ்வளவு நீளத்தில் சரியாக வர வாய்ப்பே இல்லை. நான் முனைகளை விட்டுவிட்டு நடுவில் பார்த்தேன். பழைய தண்டின் மேட்டுக்கு எதிரே புதிய தண்டின் பள்ளம் நின்றது.

"சார், நடுவுல பாருங்க."

"நடுவில தேய்ஞ்சிருக்கும். பழசெல்லே."

"தேஞ்சா மரை மெலியும் சார். எடம் மாறாது."

சாக்கட்டியால் பத்து மரைக்கு ஒரு கோடு போட்டு அவர் முன்னாலேயே, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி, எண்ணினேன். பழைய தண்டில் நூற்று இருபத்தேழு மரை. என் தண்டில் நூற்று இருபத்தாறு. 127 மரை இருக்க வேண்டிய நீளத்தில் 126 மரை அகலமாக உட்கார்ந்துகொண்டு, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஒழுங்காக முகம் காட்டியது. வேறு எந்த நீளத்தில் வெட்டியிருந்தாலும் தப்பு ஒரு முனையில் பிடிபட்டிருக்கும். இந்த ஒரு நீளத்தில் மட்டும் பிடிபடாது. அந்த நீளம் பார்த்து எங்கள் பட்டறைக்கு வந்தது.

"மதகு பலகைக்கும் காடிக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர்தான் சார் எடம். ஒரு பக்கம் வேகமா ஏறும், ஒரு பக்கம் மெதுவா ஏறும். அறுபத்து மூணு சுத்துல அந்த மூணு மில்லிமீட்டர் தீர்ந்துரும். பாதியில நின்னுரும்."

அவர் தண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசலில் தோட்டத்து லாரி வந்து நின்றுவிட்டது.

"நூற்று இருபத்தேழில ஒண்டு. நூற்றுக்கு ஒண்டுகூட இல்லை. காணும். கையெழுத்துப் போடும்."

"போட மாட்டேன் சார்."

பட்டறையில் எல்லோரும் வேலையை விட்டுத் திரும்பினார்கள். பதினொரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. அவர் கோபப்படவில்லை. சிவப்பு டிக் போட்டார், தன் கையெழுத்தைப் போட்டார், என் இடத்தில் ஒரு கோடு இழுத்தார். தண்டு லாரியில் ஏறிப் போய்விட்டது.

மூன்றாம் படிவம் படித்தவன் எண்ணினால் 127 என்ன 126 ஆகிவிடுமா? மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: ஏதாவது சாக்கு சொல்லி அதை மாட்டாமல் வையுங்கள், நான் சரியானதைக் கொண்டுவருகிறேன். கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, அதற்கு முதலில் 127 பல்லில் ஒரு கியர் வெட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறை ஜாகாவிடம், அதாவது காவற்காரரிடம், மறந்துவைத்த பொருளை எடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன். வட்டத்தைச் சமமாகப் பங்கிட ஒரு கருவி உண்டு. அதன் கைப்பிடியை நாற்பது சுற்றுச் சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்றுச் சுற்றும். 120 பல் வெட்ட வேண்டுமென்றால் பல்லுக்கு மூன்றில் ஒரு சுற்று, அதற்குத் துளைத் தட்டில் அடையாளம் இருக்கிறது. 127-க்கு எந்தத் தட்டிலும் துளை இல்லை, இருக்கவும் முடியாது, அது பகா எண். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. கருவியிடம் 120 என்று பொய் சொல்ல வேண்டும். பின்னால் 24 பல்லிலும் 56 பல்லிலும் இரண்டு கியர் கோத்தால், கைப்பிடி முன்னே போகப் போகத் தட்டு தானாகக் கொஞ்சம் பின்னே நகர்ந்து அந்தப் பொய்யை 127 ஆகத் திருத்திவிடும். இந்தக் கணக்குப் பட்டறைக் கையேட்டில் ஒரே ஒரு வரியாக இருந்தது. அதற்குள் அதுவரை யாரும் விரலை வைக்கவில்லை, பக்கம் சுத்தமாக இருந்தது.

முதல் ஞாயிறு கெட்டது. எண்பதாவது பல்லை ஒட்டிக் கைப்பிடி ஒரு துளை தாண்டிவிட்டது. அப்படித் தாண்டினால் நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னே வர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும். நான் அவசரத்தில் அப்படியே ஒரு துளை பின்னே இழுத்துவிட்டேன். கடைசிப் பல் முதல் பல்லைச் சந்திக்கும்போது தகரம் போல மெலிந்து நின்றது. எட்டு அங்குல இரும்பு வட்டு வீண். உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு, ஒவ்வொரு பல்லுக்கும் வாய்விட்டு எண்ணி, சுவரில் கோடு போட்டு வெட்டினேன். நூற்று இருபத்தேழாவது பல் முதல் பல்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது எது முதல், எது கடைசி என்று எனக்கே தெரியவில்லை. அன்று பிற்பகலே அதை லேத்தில் மாட்டித் தண்டையும் வெட்டினேன். பழைய தண்டின் பக்கத்தில் வைத்தேன். முனையில் நேர், நடுவில் நேர், மறு முனையிலும் நேர். எண்ணினேன். 127. என்னைப் பார்க்க யாருமில்லை, இருந்தாலும் கை தட்டினேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. தண்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பீடோர் பஸ்ஸில் ஏறினேன். தோட்டத்தில் இறங்கினால், மச்சான் முகம் செத்துக் கிடந்தது.

"மாட்டியாச்சுடா. சனிக்கெழம மேனேஜர் வந்து நின்னுட்டாரு. நான் என்னா சொல்ல முடியும்?"

"தொறந்து பாத்தீங்களா?"

"நாலு சுத்து சுத்தி ஓகேன்னுட்டுப் போய்ட்டாங்க லா."

இருவரும் மதகுக்குப் போனோம். மச்சான் சுற்றினார், நான் எண்ணினேன். நாற்பது வரை ஒன்றுமில்லை. ஐம்பதில் கைப்பிடி இறுகியது. அறுபத்தொன்றில் நின்றது. நானும் சேர்ந்து தொங்கினேன், அசையவில்லை. பலகை கோணிக்கொண்டு காடியில் கடித்து நின்றது. மச்சான் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கழற்றி மாற்றக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. பழைய வெண்கல நட்டையே போட்டோம், புதுத் தண்டு அதில் முணுமுணுக்காமல் ஏறியது. திரும்பச் சுற்றினோம். இந்தத் தடவை மச்சான் எண்ணினார், கோயில் பூசாரி மாதிரிச் சத்தமாக. அறுபத்தொன்று தாண்டும்போது இன்னும் சத்தமாக எண்ணினார். நூற்று இருபத்தேழில் பலகை மேல்தட்டில் தொட்டு நின்றது. இரண்டு பக்கமும் ஒரே மட்டம்.

தப்பான தண்டைச் சாக்கில் போட்டுக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பினேன். மறுநாள் காலை அதை மிஸ்டர் சிவபாதத்தின் மேசையில் வைத்து, அறுபத்தொன்றில் நின்றதைச் சொன்னேன். மத்தியானம் கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் இயந்திரத்தைப் பயன்படுத்தியது, சொல்லாமல் வேலைக்கு வராதது, மேலாளர் ஒப்புதல் கொடுத்த பொருளை மாற்றியது. மூன்றும் உண்மை. கீழே அவர் கையெழுத்து. அதற்குப் பிறகு ஏழு மாதம் என்னை லேத்தில் நிற்க விடவில்லை, பொருள் கிடங்கில் போட்டார். என் 127 கியர் மட்டும் லேத்திலேயே இருந்தது. அதை யாரும் கழற்றவில்லை.

மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பிற்பகல் பட்டறைக்கு மச்சான் தொலைபேசி செய்தார். பின்னால் மழைச் சத்தம். "முழுசா தொறந்துட்டேன்டா. பிள்ளைங்கள்லாம் வீட்டுலதான் இருக்கு" என்றார். நான் கிடங்கில், பெட்டிகளுக்கு நடுவே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

தினேஷிடம் பேசிய அன்று சாயங்காலம், தைப்பிங்கில் கணக்கு வாத்தியாராக இருக்கும் என் மகள் கலைச்செல்வியைக் கூப்பிட்டு அந்தப் பெரிய எண்ணைப் பற்றிக் கேட்டேன். "அப்பா, அது ஒங்க நூத்தி இருபத்தேழோட சொந்தக்காரன்" என்றாள். இரண்டை ஏழு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. அந்த நாலு கோடி இலக்க எண்ணும் அப்படித்தான்: இரண்டைப் பல கோடி முறை பெருக்கி ஒன்றைக் கழித்தது. இன்னும் ஒன்று சொன்னாள். இரண்டை 127 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் முப்பத்தொன்பது இலக்கத்தில் ஓர் எண் வரும், அதுவும் பகா எண். கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் கையால் கணக்குப் போட்டே அதை நிறுவினாராம். அந்த முப்பத்தொன்பது இலக்க எண் எவ்வளவோ அத்தனை முறை இரண்டைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண்ணா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாதாம். எத்தனை கம்ப்யூட்டர் இருந்தும் தெரியாது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

தினேஷுக்கு நான் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. மிஸ்டர் சிவபாதம் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, பேத்தி கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் புந்தோங்கில் என் வீட்டுக்கு வந்தார். அதே வெள்ளைச் சட்டை. கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று குற்றத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நான் அண்டைக்கு நடுவைப் பார்த்தனான்" என்றார். "நீர் சொல்ல முன்னமே பார்த்தனான்."

எனக்குக் கோபம் வந்தது. தேய்மானம் என்று அவர் சொன்னதை, தெரியாமல் சொன்னார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சும் ஏன் சார் அனுப்புனீங்க?"

"லொறி வந்து நிண்டது. ஒரு மரைதானே எண்டு நினைச்சன். பிறகு நீர் எல்லாருக்கும் முன்னால எண்ணினீர். அதுக்குப் பிறகு எனக்குத் திரும்ப ஏலாமப் போச்சு."

வயசான மனிதர், வீடு தேடி வந்து சொல்கிறார். மன்னித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் மதகிலிருந்து நான்காவது வீடு என் அக்கா வீடு. தேநீர் கொடுத்தேன், குடித்தார். எழுந்திருக்கும்போது சுவரைக் காட்டினார்.

"இரண்டு பேரும் கிழவராயிட்டம். அதைக் கழட்டி வையுமன்."

"நூத்தி இருபத்தாறுக்கு நீங்க உடனே கையெழுத்துப் போட்டீங்க, சார்" என்றேன். "நூத்தி இருபத்தேழுக்கு நீங்க போட்ட ஒரே கையெழுத்து இதுதான். இருக்கட்டும்."